வெள்ளியின் அயனி மண்டலத்தில் விண்கலங்கள் அளந்த காந்தப்புலம் எங்கிருந்து வந்தது?

வெள்ளிக் கோளுக்குச் சொந்தக் காந்தப்புலம் இல்லை என்று பாடநூலில் படித்த நீங்கள், அப்படியானால் அதன் அயனி மண்டலத்தில் (வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அடுக்கில்) விண்கலங்கள் எதை அளந்தன என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது சூரியனிலிருந்து வந்த புலம். சூரியனிலிருந்து இடைவிடாது வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்று தன்னோடு சூரியனின் காந்தப்புலத்தையும் சுமந்து வருகிறது. வெள்ளியின் அயனி மண்டலம் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், அந்தப் புலம் உடனே உள்ளே நுழைய இயலாமல் கோளின் முன்பக்கத்தில் குவிந்து, இருபுறமும் வளைந்து பின்னோக்கி நீள்கிறது. கும்பகோணத்தில் என் மாணவர்களுக்கு இதைக் கற்பிக்கும்போது, கொள்ளிடத்தில் வெள்ளம் வருகையில் பாலத்தூணில் குறுக்கே மாட்டிக்கொண்டு, இரு பக்கமும் நீரோட்டத்தின் போக்கில் நீண்டு கிடக்கும் கோரையைச் சொல்வேன். வெளியே சூரியக் காற்றின் புலம் திசை மாறினால், வளைந்து கிடக்கும் இந்தப் புலமும் திசை மாறுகிறது என்பதே இதற்கு வலுவான சான்று.

அளவு மிகச் சிறியது. நம் டெல்டாவில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா இருக்க, அங்கே கிடைப்பது பெரும்பாலும் சில பத்து நானோடெஸ்லாதான். விண்கலத்தின் சொந்த மின்சுற்றுகளே இதைக் கெடுத்துவிடும் என்பதால், அமெரிக்காவின் பயனியர் வீனஸ் கலத்தில் காந்தமானியை நீண்ட கையொன்றின் நுனியில் பொருத்தினார்கள். பின்னர் சென்ற ஐரோப்பாவின் வீனஸ் எக்ஸ்பிரஸ் கலத்தின் கையோ 1 மீட்டர்தான். ஆகவே நுனியில் ஒன்றும் உடலில் ஒன்றுமாக இரு உணரிகளை வைத்து, இரண்டின் வேறுபாட்டிலிருந்து கலத்தின் சொந்தப் புலத்தைக் கணித்துக் கழித்தார்கள்.

1978 டிசம்பரில் வெள்ளியைச் சென்றடைந்த பயனியர், தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கி அளந்தது. அப்போது சூரியன் உச்சச் செயல்பாட்டில் இருந்ததால், அடர்ந்த அயனி மண்டலத்தின் அழுத்தமே சூரியக் காற்றைத் தடுத்து நிறுத்தியது. உள்ளே புலம் அநேகமாக இல்லை. ஆனால் இடையிடையே சில விநாடிகள் மட்டும் அளவு திடீரென எகிறி இறங்கியது. அவை முறுக்கிய காந்தக் கயிறுகள்: நடுவில் புலம் வலுவாக அச்சின் வழியே ஓடுகிறது, விளிம்பில் வலுவிழந்து அச்சைச் சுற்றி வளைகிறது. விநாடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே கோட்டில் குறுக்கே கடந்த கலத்தின் பதிவிலிருந்து இந்த முப்பரிமாண முறுக்கை மீட்டெடுத்தது, விண்வெளி இயற்பியலில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளுள் ஒன்று.

சூரியக் காற்றின் அழுத்தம் மேலோங்கும்போது நிலைமை மாறுகிறது. புலம் கீழே தள்ளப்பட்டு, அயனி மண்டலம் முழுவதும் கிடைமட்டமாகப் பரவுகிறது. 2006 முதல் 2014 வரை இயங்கிய வீனஸ் எக்ஸ்பிரஸ், சூரியன் அடங்கி, அயனி மண்டலமும் மெலிந்திருந்த தொடக்க ஆண்டுகளில் இந்த நிலையையே அதிகம் கண்டது.

கோளின் உள்ளிருந்து எழும் புலத்தைத் தேட, பயனியரின் இரவுப்பக்கப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அப்படி ஒன்று இருந்தாலும், அதன் காந்தத் திருப்புத்திறன் (ஒரு காந்தத்தின் மொத்த வலிமையைக் குறிக்கும் அளவு) பூமியினுடையதில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டாது என்று தெரிந்தது.