சக்கரத்தில் பள்ளமா, கோட்டமா?

கேள்வி: இங்கே பழைய சாமான் சந்தையில் ஒரு ஹர்டி-கர்டி (கைப்பிடியால் சக்கரத்தைச் சுற்றி வாசிக்கும் தந்தி வாத்தியம்) வாங்கினேன். பேரன் கையிலிருந்து ஸ்குரூடிரைவர் நழுவி விழுந்து, சக்கரத்தின் விளிம்பில் அரிசி அளவு பள்ளம். சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா?
– ஒரு வாசகர், க்ளெர்மோன்-ஃபெரான்

பதில்: வேண்டாம் ஐயா. நான் வயலின் பழுது பார்ப்பவன். முதன்முதலில் கைக்கு வந்த ஹர்டி-கர்டியில் அதைத்தான் செய்தேன். 'டக்' போய், சுற்றுக்குச் சுற்று 'வ்வா... வ்வா' என்று ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டது. வயலினில் வில் செய்கிற வேலையை இதில் ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்) பூசிய மரச்சக்கரம் செய்கிறது. அது துளி வட்டம் தவறினாலும் காதில் விழும்.

முதலில் வாத்தியத்தின் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். ழான்சா என்ற ஊர்ப்பெயரோ பஜோ என்ற குடும்பப்பெயரோ இருந்தால் அப்படியே மூடிவையுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்த வாத்தியத்துக்கே பேர்போன கிராமம் அது. உங்களுக்குப் பக்கத்து அலியே மாவட்டம்தான். பழைய உருப்படி என்றால் கைதேர்ந்தவரிடம் போகட்டும். விளிம்பு விரிசல் விட்டிருந்தாலும், சக்கரம் தண்டில் ஆடினாலும் அப்படியே.

வெறும் பள்ளம்தானா? சரி. தந்திகளைச் சக்கரத்திலிருந்து விலக்கி வையுங்கள். ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த துணியால் பழைய ரோசினைத் துடையுங்கள். பெட்டியின் வார்னிஷில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. பள்ளத்தில் மேப்பிள் மரத்தூளை அடைத்து, மேலே சூப்பர் க்ளூ ஒரு சொட்டு. நன்றாக இறுகட்டும்.

இனி கோட்டம் பார்க்க வேண்டும். சைக்கிள் கடையில் சாக்பீஸை நீட்டிப் பிடித்து வீலைச் சுற்றுவார்களே, அதே வேலைதான். பென்சிலை அசையாமல் ஒரு கட்டையில் கட்டி, முனை விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க, மெதுவாகச் சுற்றுங்கள். கோடு விழுந்த இடம் மேடு. மேட்டை எடுக்க உளியைக் கையில் பிடிக்கக்கூடாது. கிளாம்ப் போட்டு இறுக்கிய தாங்கியின் மேல், தண்டுக்கு இணையாக அது இருக்க வேண்டும். கைப்பிடியை இன்னொருவர் சுற்றட்டும் (பேரனே சுற்றலாம், பரிகாரமாக). மாவு போலத் தூள் வந்தால் போதும், சுருள் வந்தால் அதிகம்.

அப்புறம் புது ரோசின், கொஞ்சமாக. தந்தியில் சக்கரம் படும் இடத்தில் புதுப் பஞ்சு, ஊதினால் பறக்கிற அளவு. சக்கரம் ஒரு நூல் சிறுத்திருக்கும், அதனால் தந்தி சரியாகப் படாது. குதிரையின் (தந்தியைத் தாங்கும் கட்டை) காடியில் தந்திக்கு அடியில் காகிதத் துண்டு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒன்றை உருவிவிடுங்கள், தந்தி இறங்கும். இரைகிற தந்தியின் குட்டிக் குதிரையை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'நாய்' என்கிறார்கள். அதை வழிக்குக் கொண்டுவர எனக்கே ஒரு வாரம் பிடித்தது.