லயத்திலிருந்து பார்த்தால்: இலங்கை ஜனாதிபதித் தேர்தல் கேள்வி பதில்

2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தலை இடதுசாரிக் கண்ணோடு பேசலாம் என்று நம் வாசகர் வட்டத்தில் சொன்னதும் வந்து விழுந்த கேள்விகள் இவை. நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். பதினோரு வயதில் மண்டபம் முகாம் வழியாக ஏற்காட்டுக்கு வந்து, முப்பது வருடம் காப்பித் தோட்டத்துச் சங்க வேலை பார்த்தேன். ராணுவம், ராஜதந்திரம், ஜோசியம் மூன்றும் நம்மிடம் கிடையாது.

ஆத்தூர்: பாதி வாக்குகூட வாங்காத அநுர குமார திசாநாயக்க எப்படி ஜனாதிபதி ஆனார்?

நல்ல கேள்வி, சாவகாசமாகவே சொல்கிறேன். அங்கே ஒருவருக்கு மட்டும் குத்திவிட்டு வருகிற முறை இல்லை. வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேர் வரை விருப்பம் குறிக்கலாம். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கழித்துவிடுவார்கள். கழிந்தவர்களின் சீட்டுகளில் அடுத்த விருப்பம் அந்த இருவரில் யாருக்கு என்று பார்த்துச் சேர்ப்பார்கள். சேர்த்த பிறகு இருவரில் அதிகம் வைத்திருப்பவர் ஜனாதிபதி.

அநுரவுக்கு முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம், எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவுக்கு 32.76. அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவுக்கு 17 சொச்சம். 1982 முதல் நடந்த எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் இரண்டாம் சுற்று எண்ண வேண்டி வந்ததில்லை. இதுதான் முதல் தடவை.

இதில் எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. கழிந்த சீட்டுகள் சுமார் 33 லட்சம். அவற்றிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தது 1,05,264, சஜித்துக்கு 1,67,867. மொத்தமே இரண்டே முக்கால் லட்சம்! பெரும்பாலான சீட்டுகளில் இந்த இருவர் பெயருக்கும் எதிரே ஒன்றுமே இல்லை. பெரிய கட்சிகள் 'எங்களுக்கு 1, அவருக்கு 2' என்று சொல்லிக் கேட்க முன்வந்ததாகத் தெரியவில்லை. கையில் மூன்று வாக்கு வைத்துக்கொண்டு இரண்டைச் சும்மா விட்டுவிட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டை: அநுர வந்ததால் கச்சத்தீவு திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. 1974, 1976 ஒப்பந்தங்களை எடுத்துப் படியுங்கள்.

அம்மாப்பேட்டை: தோழர், செங்கொடிக்காரர் ஜெயித்திருக்கிறார். நீங்கள் ஏன் ஒரு லட்டுகூட வாங்கவில்லை?

லட்டு வாங்கினேன் தோழர், பாதிதான் இறங்கியது. அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு முதுகெலும்பு ஜே.வி.பி. என்கிற மக்கள் விடுதலை முன்னணி. அதை 1965இல் ரோகண விஜேவீர தொடங்கினார். இளைஞர்களைச் சேர்க்க நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்றின் தலைப்பே 'இந்திய விஸ்தரிப்புவாதம்'. அந்த வகுப்பில் கொழுந்து பறிக்கிற எங்கள் ஆட்கள் இந்தியாவின் கையாட்கள். கூடை தூக்கித் தூக்கித் தலைக்கயிற்றுத் தடம் நெற்றிக்கு மேல் பள்ளமாகவே நின்றுவிட்ட என் அம்மா விஸ்தரிப்புவாதி! 1987இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கினார்கள். 2006இல் வழக்குப் போட்டு, ஒன்றாக இணைந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களைப் பிரித்தார்கள்.

பழைய இடதுசாரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியபோது சமசமாஜக் கட்சி எதிர்த்தது, அதை மறக்கவில்லை. அந்தக் கட்சித் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துப் பேசியதை இன்றும் மேடையில் சொல்கிறோம். அதே கொல்வின் அமைச்சராக இருந்து வரைந்ததுதான் 1972 அரசியலமைப்பு. சிங்களம் ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதலிடம். கொடி நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஓமலூர்: ரணில் சிலிண்டர் சின்னத்தில் நின்றார் என்கிறார்களே, கேலியா?

நிஜம். சுயேச்சையாக நின்றார், சின்னம் எரிவாயு சிலிண்டர். 2022இல் ஜனங்கள் சிலிண்டருக்காக ராத்திரியெல்லாம் வரிசையில் நின்ற நாட்டில்! 'வரிசையை ஒழித்தவன் நான்' என்று அதையே பிரசாரமாக்கினார். திறமைதான். மின்கட்டணம் கட்ட முடியாதவனுக்கு அது வேறு மாதிரி கேட்டது.

தாரமங்கலம்: சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு விழுந்த தமிழ் வாக்கெல்லாம் வீண்தானே அண்ணா?

2,26,343 பேர் போட்டது எப்படி வீணாகும்? சங்குக்கு 1 போட்டுவிட்டு வேறொருவருக்கு 2 போட்டிருக்கலாம். அதற்குத்தான் அந்த முறை.

அம்மாப்பேட்டை (மறுபடியும்): இனவாதப் பிரிப்புக்கு நீங்களே வக்காலத்தா? உழைக்கும் வர்க்கத்துக்கு இனம் ஏது?

தோழர், நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும். சதவீதத்தைப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள், மாவட்டத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் அநுரவுக்குக் கிடைத்தது 27 ஆயிரம், சங்குக்கு 1,16,000க்கு மேல். தமிழரசுக் கட்சி சஜித்துக்கு ஆதரவு என்று சொன்ன பிறகும் இது. இரண்டே மாதத்தில், நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில், அதே யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்தி ஆறில் மூன்று இடம் பிடித்தது. அதே ஜனங்கள்தான். செப்டம்பரில் இனவாதி, நவம்பரில் வர்க்கபோதம் வந்துவிட்டதா?

தாரமங்கலம்: அப்படியானால் தமிழன் எப்போதும் சிங்களத் தலைவருக்கு 2 போடுவதற்காகவே பிறந்தவனா?

சுருக்கென்று இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தல் என்கிற ஏற்பாடே அப்படித்தான் தம்பி. முழு நாடும் ஒரே தொகுதி, ஜெயிப்பது ஒரே ஆள். சிறுபான்மை அங்கே பேரம் பேசலாம், அவ்வளவுதான். அந்தப் பதவியையே ஒழிப்போம் என்று அநுரவும் சொல்லித்தான் வாக்குக் கேட்டார். இதைப் பற்றி எனக்கு வந்த மற்ற ஏழு கேள்விகளுக்கும் இதே பதில். அம்மாப்பேட்டையும் தாரமங்கலமும் டீக்கடையில் தொடரலாம்.

நாகலூர்: ஏற்காட்டிலும் தோட்டக்கூலிதான், அங்கேயும் தோட்டக்கூலிதான். 1,700 ரூபாய் என்று பெரிதாகப் பேசினார்களே, கிடைத்ததா?

இதைத்தான் முதலிலேயே யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். 2024 மே தினத்தில் கொட்டகலையில் ரணில் நாள் கூலி 1,700 என்று அறிவித்தார். கம்பெனிகள் நீதிமன்றம் போயின, அறிவிப்பு முடங்கியது. தேர்தல் நெருங்கியதும் அடிப்படை 1,350 என்று முடிந்தது. மீதி 350ஐ உற்பத்தியோடு கட்டிப்போட்டார்கள்.

கட்டிப்போடுவது என்றால் என்ன? தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்போம். தோட்டம் சொல்லும் கிலோ வரவில்லையா, மழையில் வந்து நனைந்தாலும் அரைப்பேர். மே தின மேடையில் சொல்லும் தொகைக்கும் சம்பளச் சீட்டில் வரும் தொகைக்கும் நடுவே இந்த அரைப்பேர் உட்கார்ந்திருக்கிறது. எந்த வேட்பாளர் அதைப் பேசினார்?

அநுரவின் அரசு 2026ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில் அடிப்படையை 1,550 ஆக்குவதாகவும், வருகைக்கு 200 ரூபாய் அரசே தருவதாகவும் அறிவித்தது. ஏறியது நல்லதுதான். ஆனால் முதலாளி தர வேண்டிய 200ஐ அரசு கஜானா ஏன் தர வேண்டும்? இடதுசாரி அரசிடம் இதைக் கேட்காமல் யாரிடம் கேட்பது?

நிலமும் அப்படித்தான். வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் என்று வெகுகாலம் பேசினார்கள். நம் கணக்கில் நான்கு சென்ட்டுக்குச் சற்று மேல். 2023 ஹட்டன் பிரகடனத்தில் தேசிய மக்கள் சக்தி வீடு, நில உரிமை எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனசாரச் சொல்கிறேன். நவம்பரில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கலைச்செல்வி என்று மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளுமன்றம் போனார்கள். அந்த லட்டு முழுசாக இறங்கியது.

கொண்டலாம்பட்டி: கச்சத்தீவு...

செவ்வாய்ப்பேட்டைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு தங்கை: நான் இங்கேயே பிறந்தவள் மாமா. எனக்கு அங்கே வாக்கு உண்டா?

வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் வசதி இலங்கையில் இல்லைம்மா. குடியுரிமை வேறு விஷயம். அப்பா, அம்மா இலங்கைக் குடிமக்கள் என்றால், சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் உன் பிறப்பைப் பதிந்து வாங்கலாம். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர், அவருடைய இலங்கைக் காகிதத்தில் உள்ளதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார். எங்கள் குடும்ப அட்டையில் அம்மா பெயர் ஒரு எழுத்து மாறி இருந்தது. அதைத் திருத்த ஒரு அலுவலகத்துக்கு நான்கு வருடம் நடந்தோம். உன் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உட்கார்ந்து பார்த்துவிடலாம்.