காண்ட்ராக்டர் எஸ்டிமேட்டை நம்பி ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகாதீர்கள்

கேள்வி: டெக்சாஸ், பிளேனோவில் வீடு. ஆலங்கட்டி மழையில் கூரை வீணானது. ‘பழைய தேய்மானம்’ என்று காப்பீட்டுக் கம்பெனி கிளெய்மை மறுத்துவிட்டது. 12 வருடம் ஒழுங்காகப் பிரீமியம் கட்டினோம். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய அட்ஜஸ்டர் 10 நிமிடம்கூட நிற்கவில்லை. 1,10,000 டாலர் கேட்டு நோட்டீஸ் அனுப்பி, மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். கம்பெனி அதை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றிவிட்டது. காண்ட்ராக்டரின் எஸ்டிமேட் இருக்கிறது. ஜெயிப்போமா?

பதில்: கம்பெனி வேறு மாநிலத்தது, தொகை 75,000 டாலருக்கு மேல் என்றால் ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்ற முடியும், வழக்கை மாற்றியதை எதிர்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். பிரீமியக் கணக்கும் அட்ஜஸ்டர் மேலுள்ள கோபமும் ஒப்பந்த வழக்கில் எடுபடாது. பாலிசி காலத்தில் பெய்த அந்த ஒரு மழையால் வந்த சேதம் எவ்வளவு? கேள்வி அதுதான். தேய்மானமும் கலந்திருந்தால், டெக்சாஸ் சட்டப்படி இரண்டையும் பிரித்துக் காட்டும் பொறுப்பு உங்களுடையது.

பலர் சறுக்குவது இங்கேதான். எஸ்டிமேட்டில் ‘முழுக் கூரையும் மாற்ற’ என்று விலை இருக்கும், காரணம் இருக்காது. உங்களுக்குத் தேவை ஒரு பொறியாளர். அவர் ஒவ்வொரு சரிவிலும் 10-க்கு 10 அடி கட்டம் போட்டு ஆலங்கட்டி பட்ட தழும்புகளை எண்ணுவார். வென்ட் (கூரைக் காற்றுப்போக்கி), மழைநீர்க் குழாய் மேலுள்ள பள்ளங்களையும் பார்ப்பார். வெயிலில் கொப்புளம் வெடித்த குழிக்கும் ஆலங்கட்டி அடித்த காயத்துக்கும் வித்தியாசம் சொல்ல அவரால்தான் முடியும். அவர் ஏறிப் பார்க்கும்வரை கூரையை மாற்றாதீர்கள். ஒழுகினால் தார்ப்பாய் போடுங்கள்.

அவருடைய அறிக்கை, நீதிபதியின் அட்டவணையில் உள்ள கெடுவுக்குள் கையெழுத்தோடு எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். தவறினால் ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 37 அந்தச் சாட்சியத்தையே வெளியே தள்ளலாம். அப்புறம் கம்பெனி விதி 56-இன்கீழ் ஒரு மனுப் போட்டால் போதும், ஜூரியைப் பார்க்காமலே வழக்கு முடியும். அந்தத் தேதியை இன்றே உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

நோட்டீஸில் கேட்ட தொகையும் உங்களுக்கே வினையாகலாம். டெக்சாஸ் காப்பீட்டுச் சட்டம் 542ஏ-இன்படி, தீர்ப்புத் தொகை அதில் 20 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 22,000 டாலருக்குக் கீழே வந்தால், வக்கீல் ஃபீஸ் ஒரு டாலர்கூடக் கிடைக்காது. முழு ஃபீஸ் வேண்டுமென்றால் 88,000 வர வேண்டும். நடுவில் வந்தால் அந்த விகிதப்படிதான். இதற்கு முன்னால் டிடக்டிபிள், அதாவது சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, கழியும்: 5,00,000 டாலர் காப்பீட்டில் 2 சதவீதம் என்றால் 10,000.

காரணத்தைப் பிரித்துச் சொல்லும் பொறியாளர் கிடைக்கவில்லையென்றால், மீடியேஷனில் (நடுவர் உதவியோடு நடக்கும் சமரசப் பேச்சில்) 35,000, 40,000 டாலர் என்று வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள்.