தடித்த பிக்சல், மெலிந்த பிக்சல்

கேள்வி: கோடோ 4 (Godot) என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் 320×180 பிக்சல் அளவில் விளையாட்டு செய்கிறேன். என் 1366×768 மடிக்கணினியில் முழுத்திரையாக்கினால் சில பிக்சல்கள் மட்டும் தடிக்கின்றன. ஏன்?

பதில்: நானும் இதற்காக ஒரு வாரம் பொம்மைகளைத் திரும்பத் திரும்ப வரைந்தேன், வீணாக! கோளாறு வகுத்தலில். 768-ஐ 180-ஆல் வகுத்தால் சுமார் 4.27. கால் பிக்சலை எங்கே வைப்பது? கோடோ சிலதை நான்காகவும் சிலதை ஐந்தாகவும் வரைந்துவிடுகிறது.

புராஜெக்ட் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, விண்டோ பகுதிக்குப் போங்கள். ஸ்ட்ரெச் மோடை 'வியூபோர்ட்' ஆக்குங்கள். அப்புறம் ஸ்கேல் மோடை 'இன்டிஜர்' ஆக்குங்கள், இது கோடோ 4.2 பதிப்பில்தான் வந்தது. இனி சரியாக 4 மடங்கு, அதாவது 1280×720. சுற்றிலும் கறுப்புப் பட்டை வரும். எனக்கு அது உறுத்தவில்லை. படம் மங்கினால் டெக்ஸ்ச்சர் ஃபில்டரை 'நியரஸ்ட்' ஆக்கிவிடுங்கள்.