சுவருக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹவாய்த் தீவுகளுக்குப் போன அமெரிக்க மிஷனரிக் குடும்பங்களின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கடிதத்தில் ஒரே நன்றியும் துதியும்; அடுத்ததில் கண்ணீர். எதை நம்புவது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டையும் நம்பலாம். ஆனால் கடிதம் யாருக்குப் போயிற்று என்று முதலில் பாருங்கள். பாஸ்டனில் இருந்த மிஷன் சங்கத்துக்கு எழுதியவற்றை அந்தச் சங்கம் வெட்டி எடுத்துத் தன் மாதப் பத்திரிகையில் அச்சிடும். அதைப் படித்துத்தான் ஊர் ஊராகக் காணிக்கை சேரும். எழுதுகிறவருக்கும் இது தெரியும். படியளக்கிறவருக்கு எழுதும் கடிதத்தில் யார் அழுவார்கள்?

லூசி தர்ஸ்டன் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். மணமான ஆண்களைத்தான் அனுப்புவது நல்லது என்று சங்கம் நினைத்தது. ஆகவே உறவினர் ஒருவர் பேசி முடிக்க, ஏசா தர்ஸ்டனைச் சந்தித்த மூன்று வாரத்துக்குள் லூசிக்குக் கல்யாணம். (நம் ஊர் தரகர்கள் தோற்றார்கள்.) 1819 அக்டோபரில் 'தாடியஸ்' என்ற பாய்மரக் கப்பலில் பாஸ்டனை விட்டார்கள், தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றி 1820 ஏப்ரலில் கைலுவாவில் கரையேறினார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் கடலில். கடிதமும் அதே வழியாகத்தான் போயிற்று. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் ஏறக்குறைய ஒரு வருடம். இந்தப் பகுதியில் பதில் ஆறு வாரம் தாமதமானதற்கு என்னைத் திட்டி எழுதிய அன்பர் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த அம்மையார் 1855இல் மகள் மேரிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. மார்பில் கட்டி. முன்பு பக்கவாதம் வந்திருந்ததால் மயக்க மருந்து கொடுக்க முடியாது. தொடங்கும்போது சொல்லுங்கள், தாங்கிக்கொள்ளத் தயாராகிறேன் என்று மருத்துவரிடம் கேட்கிறார். கத்தி இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்றும் கேட்கிறார். மருத்துவர் கையைத் திறந்து காட்டுகிறார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், முழு நினைவோடு. அறுத்தது, அக்குளில் கழலை எடுத்தது, இரத்தக் குழாய்களைக் கட்டியது, தைத்தது, கட்டுப் போட்டது என்று வரிசையாக, சமையல் குறிப்பு போல எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் இருந்து 1876இல்தான் காலமானார். நான் படித்த கடிதங்களில் மறுபடி படிக்கக் கை நடுங்குவது இது ஒன்றுதான்.

கேள்வி: பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பிரித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்களாமே, பெற்ற மனம் எப்படி இடம் கொடுத்தது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இடம் கொடுக்கவில்லை, பயம் அனுப்பியது. தீவுப் பிள்ளைகளோடு பழகினால் கெட்டுப்போவார்கள் என்பது அவர்கள் எண்ணம். கைலுவாவில் தர்ஸ்டன் வீட்டைச் சுற்றிக் கல்சுவர். உள்ளே பிள்ளைகளுக்கென்று தனி முற்றம். வருகிற ஹவாய் மக்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம். பெற்றோர் நாள் முழுவதும் ஹவாய் மொழியில் பேசிப் போதிக்கிறார்கள், பிள்ளைகள் மட்டும் அந்த மொழியைக் கற்கக் கூடாது! எனக்கு இந்த இடத்தில் மட்டும் அந்த அம்மையார் மேல் கோபம் வருகிறது.

தர்ஸ்டன்களோடு அதே 'தாடியஸ்' கப்பலில் வந்த மிஷனரிகளான பிங்ஹம் தம்பதி தங்கள் மகள் சோஃபியாவை 1828இல், எட்டு வயது நிறைவதற்கு முன், கப்பல் ஏற்றினார்கள். தாங்கள் தாய்நாடு திரும்பிய பிறகுதான், பன்னிரண்டு வருடம் கழித்து, அவளை மறுபடி பார்த்தார்கள். லூசி தர்ஸ்டன் தன் பிள்ளைகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் 1840இல் தானே அழைத்துக்கொண்டு போனார். மூத்த மகள், அவளுக்கும் லூசி என்றே பெயர், நியூயார்க்கில் இறங்கிய கொஞ்ச நாளிலேயே, 1841இல் இறந்துபோனாள். பதினேழு வயது.

இந்தப் பிரிவு தாங்காமல்தான் ஹொனலுலு அருகே புனஹோ பள்ளி பிறந்தது. 1842 ஜூலையில் திறந்தபோது 15 பிள்ளைகள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் 'சகோதரர்', 'சகோதரி' என்று அழைத்ததால் இவர்கள் தங்களுக்குள் 'கசின்' என்று சொல்லிக்கொண்டார்கள். 1852இல் அதற்கு ஒரு சங்கமே வைத்தார்கள். நம் ஊர்க் கணக்கில் பாதிப் பேர் முறைமாப்பிள்ளை, முறைப்பெண். அப்படியே கல்யாணமும் நடந்தது: பால்ட்வின் வீட்டுப் பையன் அலெக்ஸாண்டர் வீட்டுப் பெண்ணை 1870இல் மணந்தான். அந்த இரண்டு வீடுகளும் சேர்ந்துதான் மாவுயி தீவின் பெரிய கரும்பு முதலாளிகள் ஆயின. பிரசங்கம் செய்ய வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

கேள்வி: நம் பக்கத்துக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு?
– வாசகர், வேலூர்

பதில்: கேட்கிற ஊரைப் பாருங்கள்! அதே பாஸ்டன் சங்கம் ஹவாய்க்கு முன்பே, 1816இல், யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பிவிட்டது. 1819இல் அங்கே போனவர்களில் ஒருவர் ஜான் ஸ்கட்டர். உங்கள் ஊர் மருத்துவமனையை உண்டாக்கிய ஐடா ஸ்கட்டர் அவருடைய பேத்தி. ஸ்கட்டர் வந்த கப்பலிலேயே வந்த ஹாரியட் வின்ஸ்லோ 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளி தொடங்கினார். அவர் கடிதங்களும் நாட்குறிப்பும் நூலாகவே வந்திருக்கின்றன. அவரும் மகன் சார்லஸை அமெரிக்காவுக்கு அனுப்பினார். பதினோரு வயதில், 1832இல், அவன் அங்கே இறந்தான். அடுத்த ஜனவரியில் தாய் உடுவிலில் இறந்தார். தகப்பனார் மைரன் வின்ஸ்லோதான் 1862இல் வந்த அந்தப் பெரிய தமிழ் – ஆங்கில அகராதிக்காரர். அதைப் புரட்டும்போது இனி அந்தப் பையனும் நினைவுக்கு வருவான்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளை வரலாற்றுச் சான்று என்கிறார்கள். பசுவைப் பற்றி எழுதச் சொன்னால் பசுவுக்கு நான்கு கால்கள் என்று எழுதுகிற வயதல்லவா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: முப்பத்தொரு வருடம் கட்டுரை நோட்டுத் திருத்தியவன் நான். உங்கள் ஐயம் நியாயம்தான். ஆசிரியர் விரும்புவதைத்தான் மாணவன் எழுதுவான். ஆனால் ஆசிரியர் கேட்கிற கேள்வி நல்லதாக இருந்தால் கதையே வேறு.

மாவுயி தீவில் லஹைனாலுனா என்ற இடத்தில் மிஷன் 1831இல் ஒரு செமினரி, அதாவது உயர்நிலைப் பள்ளி, தொடங்கியது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரிக்கு எட்டு வயது இளையது. இங்கே படித்தவர்கள் ஹவாய் இளைஞர்கள். எழுதியது ஹவாய் மொழியில். 1836 வாக்கில் ஷெல்டன் டிபிள் என்ற ஆசிரியர் பழங்காலம் பற்றிய கேள்விகளை எழுதி மாணவர்களிடம் கொடுத்தார். தீவில் உயிரோடு இருக்கும் மூத்த கிழவர் கிழவிகளிடம் போய்க் கேட்டு, கேட்டதைக் கட்டுரையாக எழுதி வர வேண்டும். அவற்றை வகுப்பில் படித்து, ஒன்றோடு ஒன்று பொருந்தாததைப் பேசித் தீர்த்துத் தொகுத்தார்கள். 1838இல் பள்ளி அச்சகத்திலேயே அது புத்தகமாயிற்று. ஹவாய் மக்களின் பழைய வரலாறு அவர்கள் மொழியிலேயே முதலில் அச்சேறியது ஒரு வகுப்பு வேலையாக! தொகுத்தவரின் கண்ணாடி அதில் இல்லாமல் இல்லை; பழைய தெய்வங்கள் வருகிற இடமெல்லாம் மிஷனரி நெற்றி சுருங்குவது தெரியும். இருந்தாலும் அந்தக் கிழவர்களை அன்று கேட்காமல் விட்டிருந்தால் அவர்களோடு எல்லாம் போயிருக்கும். தர்ஸ்டன் வீட்டுச் சுவருக்கு உள்ளே இருந்த பிள்ளைகளால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது.

'மாணவர்கள்' என்றதும் அரைக்கால்சட்டை நினைவுக்கு வர வேண்டாம். அவர்களில் ஒருவரான டேவிட் மாலோ செமினரியில் சேர்ந்தபோதே முப்பது வயதைத் தாண்டியவர். முன்பு ராஜசபையில் பழைய பாட்டும் வம்சாவளியும் கற்றவர். பிறகு தனியாகவும் தம் மக்களின் வழக்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கிறிஸ்தவரானார், போதகரும் ஆனார். ஆனால் கப்பல் கப்பலாக வந்திறங்கிய வெளிநாட்டாரைப் பார்த்து அவருக்குக் கலக்கம் தீரவில்லை. 1853இல் இறந்தபோது அவர் விருப்பப்படியே, அந்த வெள்ளம் எட்டாத உயரத்தில், பள்ளிக்கு மேலே உள்ள மலையில் அவரைப் புதைத்தார்கள்.