காயில் வாங்கும் முன் ஆயிலைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜின் பெட்ரோல் பம்புசெட் ஒரு வாரமாக ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கில் கரண்ட் வரவில்லை, அதைத் தரும் காயில் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். விற்ற காயிலைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறது கடை. வாங்கலாமா?

பதில்: பொறுங்கள். முதலில் ஆயில். ஆயில் அலர்ட் (ஆயில் குறைந்தால் இன்ஜினைக் காக்கும் அமைப்பு) உள்ள இன்ஜினில் ஆயில் குறைந்தால், உள்ளே இருக்கும் மிதவை சுவிட்ச் காயிலின் கரண்டை எர்த்துக்குத் திருப்பிவிடும். காயில் நன்றாக இருந்தும் பொறி வராது. சரிவான வரப்பில் வைத்திருந்தாலும் இதே கதைதான். சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் வாயின் விளிம்புவரை ஆயில் நிற்கிறதா பாருங்கள். மொத்தக் கொள்ளளவே சுமார் 0.6 லிட்டர்தான்.

ஆயில் சரியாக இருந்தால், காயிலிலிருந்து இன்ஜினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றுங்கள். பழைய பிளக்கைத் துளையிலேயே விட்டுவிட்டு, வேறொரு பிளக்கை கேப்பில் (பிளக் ஒயர் முனையில் இருக்கும் மூடி) மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினில் ஒட்டிப் பிடித்துக் கயிறு இழுங்கள். துளை திறந்திருந்தால் வெளியே வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். இப்போது பொறி வந்தால் கோளாறு சுவிட்சிலோ ஆயில் அலர்ட்டிலோ இருக்கிறது, காயில் தப்பித்தது. அந்த ஒயர் இல்லாமல் இன்ஜின் ஓடினால் சுவிட்சால் நிறுத்த முடியாது, பெட்ரோல் குழாயை மூடித்தான் நிறுத்த வேண்டும்.

அப்போதும் பொறி இல்லையா? கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயர் நுனியை 5 மி.மீ. நறுக்கி மறுபடி திருகுங்கள். பிறகு காயில் கால்களிலும் பிளைவீல் காந்தத்திலும் உள்ள துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு இடைவெளியைச் சரிசெய்யுங்கள். இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, காந்தத்தைக் காயிலுக்கு நேரே கொண்டுவந்து, நடுவில் 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் தகட்டை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வையுங்கள். காந்தமே காயிலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இறுக்கிவிட்டுத் தகட்டை உருவுங்கள். 0.2 முதல் 0.6 வரை ஏற்கலாம். அதிகமானால் கயிறு இழுக்கும் வேகத்தில் பொறி நலிந்துபோகும், குறைந்தால் பிளைவீல் உரசும். இத்தனைக்குப் பிறகும் பொறி வராவிட்டால்தான் காயில் வாங்குங்கள்.

பொறி நன்றாக வந்தும் கயிறு கையைப் பின்னுக்கு இழுக்கிறதென்றால் பிளைவீல் சாவி (பிளைவீலைத் தண்டில் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு உலோகத் துண்டு) வெட்டுப்பட்டிருக்கும். காயிலை விட மிக மலிவான சாமான் அது.

பில் கேட்டு வாங்குங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். ஆனால் தேவையில்லாமல் வாங்கிய நல்ல காயிலுக்கு இது உதவாது.

கேள்வி: இந்த இன்ஜினுக்கான என்ஜிகே கம்பெனியின் பிபிஆர்6இஎஸ் பிளக்குக்குப் பதிலாக வேறு கம்பெனியின் 6ஆம் எண் பிளக் போடலாமா?

பதில்: எண்ணை நம்பாதீர்கள். பிளக் எவ்வளவு சூடாக ஓடும் என்பதைக் காட்டும் எண் அது. என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடு. மாற்றுப் பட்டியல் பார்த்தே வாங்க வேண்டும். பிளக் முனையின் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ.; பக்கக் கம்பியை மட்டும் வளையுங்கள். கையால் முழுதும் திருகியபின் புது பிளக்குக்கு அரைச்சுற்று, பழையதற்குக் கால்சுற்றுக்கு மேல் வேண்டாம்.