மிஸ்டேக்குக்கு ‘டூ’ ஏன் ஒட்டாது?

கேள்வி: வேலையில் தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறேன். இலக்கணம் ஓரளவு தெரியும். ஆனாலும் ‘ஐ டிட் எ மிஸ்டேக் இன் த ரிப்போர்ட்’, ‘ஐ வான்ட் டு ஆஸ்க் எ டவுட்’ என்று எழுதி, மேலாளர் திருத்தி அனுப்புகிறார். டூ, மேக், டேக், ஹேவ் இவற்றில் எதை எங்கே போடுவது? விதி ஏதாவது உண்டா? பட்டியலை மனப்பாடம் செய்தும் பார்த்துவிட்டேன், எழுதும்போது கைகொடுக்கவில்லை.

பதில்: உங்கள் இலக்கணத்தில் கோளாறு இல்லை. ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ என்பதில் எழுவாய், காலம், செயப்படுபொருள் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன. பழக்கமில்லாத இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

தமிழைப் புதிதாகக் கற்கும் ஒருவர் ‘கையெழுத்து செய்தேன்’ என்கிறார் என்று வையுங்கள். புரிந்துவிடும். ஆனால் உடனே ‘கையெழுத்துப் போட்டேன்’ என்று திருத்துவீர்கள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? டீ போடுகிறோம், சட்டை போடுகிறோம், தாழ்ப்பாள் போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். இந்த ஐந்துக்கும் பொதுவாக ‘போடு’ என்பதற்கு ஒரு பொருள் சொல்லிவிட முடியாது. பொருளைச் சுமப்பது டீயும் சட்டையும் சண்டையும்தான்; வினை சும்மா கூட வருகிறது. மேக், டூ, டேக், ஹேவ் நான்கும் ஆங்கிலத்தில் பார்க்கும் வேலை இதேதான்.

இப்படிச் சொற்கள் வழக்கமாகச் சேர்ந்து வருவதற்கு காலகேஷன் என்று பெயர். ஒரு சொல்லை அறிய அதன் சேர்க்கையைப் பார் என்ற கருத்தை பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957-இல் எழுதினார். பெயர்ச்சொல்தான் தனக்குரிய வினையைத் தேர்ந்தெடுக்கிறது. ‘மேக் எங்கெல்லாம் வரும்’ என்று பட்டியல் போட்டுப் படித்தால் நினைவில் நிற்காமல் போவது இதனால்தான். நாம் பேசும்போது மேக்கிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் தப்பு, முடிவு, வாக்குறுதி என்ற விஷயம்தான் மனதில் வருகிறது. அதற்கு என்ன வினை என்று பிறகுதான் தேடுகிறோம். படிப்பதும் அந்த வரிசையிலேயே இருக்க வேண்டும்.

சரி, விதியே கிடையாதா? பாதி தூரம் வரும் விதி ஒன்று உண்டு. முன்பு இல்லாத ஒன்று புதிதாக உண்டானால் மேக்: மேக் எ கேக், மேக் எ லிஸ்ட், மேக் எ நாய்ஸ். இருக்கிற வேலையைச் செய்து முடித்தால் டூ: டூ ஹோம்வொர்க், டூ த லாண்ட்ரி, டூ த டிஷஸ். இந்தக் கணக்கில் மிஸ்டேக்கும் மேக் பக்கம்தான். அதுவரை இல்லாத தப்பை நாம் உண்டாக்குகிறோம். டிசிஷன், ப்ராமிஸ், எக்ஸ்க்யூஸ் எல்லாம் அதே அணி. ஆனால் படுக்கையை ஒழுங்குபடுத்துவது ‘மேக் த பெட்’. அங்கே புதிதாக ஒரு கட்டிலும் உண்டாவதில்லை. அதனால் இந்த விதியை ஊகிக்கப் பயன்படுத்துங்கள், சாதிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

தமிழ் பேசுபவர்களுக்கு இதைவிட உதவும் வழி ஒன்று உண்டு. ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களைக் கவனியுங்கள். எனக்குத் தலைவலி, எனக்கு ஜுரம், எனக்கு ஒரு கனவு வந்தது, எனக்கு ஒரு யோசனை தோன்றியது, எனக்கு நேரம் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் ‘ஐ’ என்று தொடங்கி ஹேவ் போடுகிறது: ஐ ஹேவ் எ ஹெடேக், ஐ ஹேவ் எ ஃபீவர், ஐ ஹேட் எ ட்ரீம், ஐ ஹேட் ஆன் ஐடியா, ஐ டோன்ட் ஹேவ் டைம். ‘ஃபீவர் கேம்’, ‘ட்ரீம் கேம்’ என்று எழுதத் தோன்றும் இடங்களில் இது காப்பாற்றும். பசி, கோபம் போன்றவை மட்டும் இதற்குள் வராது. அவற்றுக்கு ஆங்கிலத்தில் உரிச்சொல் வைத்து ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ ஆம் ஆங்க்ரி’ என்பதே வழக்கம்.

சளியை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நாம் அதைப் பிடிக்கிறோம்: கேட்ச் எ கோல்ட். இரண்டு மொழியிலும் பிடிப்பதுதான் வினை, பிடிப்பவர் மட்டும் மாறிவிட்டார். இப்படி ஒத்துப்போகும் இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கவனம் ‘செலுத்து’கிறோம், பணத்தைச் செலுத்துவதும் அதே சொல்தான். ஆங்கிலத்திலும் ‘பே அட்டென்ஷன்’. வாக்கைக் காப்பாற்றுவது ‘கீப் எ ப்ராமிஸ்’, பேருந்தைப் பிடிப்பது ‘கேட்ச் எ பஸ்’, போட்டோ எடுப்பது ‘டேக் எ போட்டோ’. தமிழில் யோசிக்கவே கூடாது என்று சொல்லித்தருபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. யோசியுங்கள், அப்புறம் சரிபாருங்கள்.

இன்னொன்று, ‘லுக்’ என்ற வினை இருக்கும்போது ‘ஹேவ் எ லுக்’ எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். செயலைப் பெயர்ச்சொல்லாக்கிவிட்டால் அதற்கு அடைமொழி சேர்ப்பது சுலபம். ‘ஹேவ் எ குயிக் லுக்’ என்றால் சட்டென்று ஒரு பார்வை. ‘டேக் எ லாங் வாக்’ என்றால் நீண்ட நடை. ஆங்கிலத்துக்கு இந்த அமைப்பு மிகவும் பிடித்தமானது. குளியலுக்கு பிரிட்டனில் பெரும்பாலும் ஹேவ், அமெரிக்காவில் டேக். டிசிஷனுக்கு பிரிட்டனில் டேக் என்றும் சொல்வதுண்டு. மேக் என்று எழுதினால் எங்கும் செல்லும்.

இனி நோட்டுப்புத்தகம். பக்கத்துக்கு ஒரு பெயர்ச்சொல் எழுதுங்கள். ‘ப்ராமிஸ்’ என்று எழுதினால் அதன் கீழே மூன்று வினைகள்: மேக், கீப், பிரேக். கொடுப்பது, காப்பது, மீறுவது. ‘அப்பாயின்ட்மென்ட்’டுக்கு மேக், கீப், மிஸ், கேன்சல். ‘எக்ஸாம்’ என்றால் டேக், பாஸ், ஃபெயில். ஒரு பொருளுக்கு நடக்கக்கூடியதெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் மனதில் தானாக ஒட்டிக்கொள்ளும். காலகேஷன் அகராதி என்றே தனியாக உண்டு. அதிலும் பெயர்ச்சொல்லைத்தான் தேட வேண்டும்.

எழுதும்போது முன்னால் வரும் சிறு சொல்லையும் விடாதீர்கள். ‘டெல் எ லை’, ஆனால் ‘டெல் த ட்ரூத்’. பொய் எத்தனையோ இருக்கலாம், அதில் ஒன்றைச் சொன்னால் ‘எ’. நடந்த உண்மை ஒன்றுதான், அதனால் ‘த’. இரண்டுக்கும் வினை டெல். ‘சே எ லை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘மேக் ப்ராக்ரஸ்’, ‘பே அட்டென்ஷன்’ இரண்டிலும் ‘எ’யும் கிடையாது, ‘த’வும் கிடையாது.

கடைசியாக உங்கள் இரண்டு வாக்கியங்கள். முதலாவது ‘ஐ மேட் எ மிஸ்டேக் இன் த ரிப்போர்ட்’. இரண்டாவதில் வினையை மட்டும் மாற்றினால் போதாது. சந்தேகம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் தெரியாததைக் கேட்பது. ஆங்கிலத்தில் டவுட் என்றால் நம்பிக்கைக் குறைவு. மேலாளரிடம் ‘ஐ ஹேவ் சம் டவுட்ஸ் அபௌட் யுவர் பிளான்’ என்று எழுதினால், அவர் திட்டம் தேறாது என்று நீங்கள் நினைப்பதாக எடுத்துக்கொள்வார். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின் அபௌட் யுவர் பிளான்’ என்று எழுதுங்கள்.